எங்கே வலிக்குது?

"அஞ்சு வருஷம் தாண்டிட்டா போதும், அப்புறம் பயமே இல்ல" என்று என்னிடம் முதலில் சொன்னது யார் என்று ஞாபகம் இல்லை. சொல்லாதவர்கள் யார் என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். 2018-ல் இடது மார்பில் புற்றுக்கட்டி என்று தெரிந்து, ஆபரேஷன், கீமோ, கடைசியில் கரண்ட் வைத்தது (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து பெங்களூரிலிருந்து ஊர் திரும்பினேன். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் சாத்துக்குடியோடு சேர்த்து இந்த ஐந்து வருஷக் கணக்கையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் போஸ்டாபீஸ் ஆர்.டி.யும் ஐந்து வருஷம்தான், 60 தவணை. மாதம் தவறாமல் கட்டினால் முதிர்வுத் தொகை கையில் வரும். நானும் என் 60 மாதத்தை அப்படித்தான் கட்டிக்கொண்டு வந்தேன். நோய் திரும்பாமல் இருக்கத் தினம் சாப்பிடும் டமாக்சிஃபென் மாத்திரை அட்டை ஒவ்வொரு மாதமும் காலியாகும்போது மனசுக்குள் ஒரு முத்திரை விழும்.

2024 பிப்ரவரியில் கணக்கு முடிந்தது. பெங்களூர் போனோம். டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டமாக்சிஃபெனை நிறுத்திவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அடுத்த வாக்கியத்தில், "உங்களுக்கு மாதவிலக்கு நின்னுடுச்சு இல்லையா, இனிமே லெட்ரோசோல் ஆரம்பிக்கலாம், இன்னும் அஞ்சு வருஷம்" என்றார். ஆர்.டி. முதிர்ந்த அன்று பணத்தைக் கொடுக்காமல் புதுப் பாஸ்புத்தகம் போட்டுக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. வரும் வழியில் சூளகிரி தாண்டும் வரை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் அண்ணி கேசரி கிளறி வைத்திருந்தார். அஞ்சு வருஷம் முடிந்ததற்காக. நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்து வருஷக் கணக்கு எல்லாருக்கும் பொய் கிடையாது. மார்பகப் புற்றிலேயே சில வகை, திரும்புவதென்றால் முதல் சில வருஷங்களுக்குள் திரும்பிவிடும், அதற்குப் பிறகு ஆபத்து வெகுவாகக் குறையும். ஹார்மோனைத் தின்று வளரும் என்னுடைய வகை அப்படி இல்லை. 2017-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 88 மருத்துவச் சோதனைகளில் சேர்ந்திருந்த 62,923 பெண்களின் கணக்கு அது. ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டு, அதுவரை எதுவும் திரும்பாமல் நல்லபடியாக இருந்தவர்கள். அவர்களுக்கும் ஐந்தாம் வருஷத்திலிருந்து இருபதாம் வருஷம் வரை, ஒரே சீராக, அங்கொன்றும் இங்கொன்றுமாக நோய் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. என்னைப் போல 2 சென்டிமீட்டருக்கு மேல் கட்டியும், ஒன்றிலிருந்து மூன்று நெறிக்கட்டிகளில் பரவலும் இருந்தவர்களில், அந்தப் பதினைந்து வருஷத்தில் நூற்றுக்கு 26 பேருக்கு உடம்பின் வேறு இடத்தில் வந்திருக்கிறது. அவர்களெல்லாம் பழைய காலத்து வைத்தியம் பார்த்தவர்கள், ஐந்து வருஷத்தோடு மாத்திரையை நிறுத்தியவர்கள், இப்போது நிலைமை இன்னும் மேல் என்று டாக்டரம்மா சொன்னார். டமாக்சிஃபெனுக்குப் பிறகு லெட்ரோசோலைத் தொடர்ந்தால் திரும்புவது குறைகிறது என்று 2003-லேயே ஒரு சோதனை காட்டிவிட்டதாம். எல்லாம் நல்ல சேதிதான். ஆனால் ராத்திரி படுத்தால் மனசில் நிற்பது 26 மட்டும்தான்.

வலி வந்த நேரம்

மே மாதம், மாங்காய் லாரிகள் ஓட ஆரம்பித்த சமயம், இடுப்பில் வலி தொடங்கியது. வலது பக்கம், எலும்புக்குள். காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் முதல் பத்தடி நடக்க முடியாது. விரல்களும் மடங்காது, போஸ்டாபீஸ் முத்திரைக் கட்டையைப் பிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். லெட்ரோசோல் சாப்பிடுபவர்களுக்கு மூட்டு வலி வரும் என்பது மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றே சொன்னதுதான், சீட்டிலும் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். என் வகைப் புற்று திரும்பினால் முதலில் போய் உட்காரும் இடம் பெரும்பாலும் எலும்பு என்பதும் தெரியும். தெரிந்த விஷயம் இரண்டும் ஒரே இடத்தில் வலித்தால் என்ன செய்வது?

இதில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது, அது எங்கள் ஊர்த் தண்ணீர். வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் பாறைக்குள் இருக்கும் ஃப்ளோரைடு போர் தண்ணீரில் கரைந்து வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, இங்கே பல கிணறுகளில் அதைத் தாண்டித்தான் இருக்கும். பல் முளைக்கும் வயசில் அதைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும், எத்தனை தேய்த்தாலும் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் சேர்ந்து இறுகும். 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்த பிறகு குழந்தைகள் பல் வெள்ளையாக இருக்கிறது. எனக்கு முன் பல்லில் இரண்டு கோடு உண்டு. என் அம்மா தென்பெண்ணை ஆற்றோரம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பிறந்தவர், 74 வயசிலும் பல் முத்து மாதிரி இருக்கும். ஆனால் பத்தொன்பது வயசில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பது வருஷம் போர் தண்ணீர் குடித்ததில், கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத்தான் திருப்புவார். எங்கள் பக்கம் பல் பிறந்த ஊரைச் சொல்லும், எலும்பு வாழ்ந்த ஊரைச் சொல்லும்.

போஸ்டாபீஸுக்குக் கைரேகை வைத்துப் பணம் எடுக்க வரும் பாட்டிகள் எல்லாருக்கும் இந்த வலி உண்டு. கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று நிமிர்வார்கள். "என்னா பண்றது, எலும்பு அப்படி" என்பார்கள், அவ்வளவுதான். அந்த வலியோடு களி கிண்டுவார்கள், களை எடுப்பார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள். வலியை யாரும் பயந்து பார்த்ததில்லை. நானும் அதே ஊர், அதே தண்ணீர். ஆனால் என் வலிக்கு மட்டும் பின்னால் ஒரு ஆள் நின்றுகொண்டே இருக்கிறான். 2018-க்கு முன்னால் எனக்குக் கால் வலித்தால் அது கால் வலி. அதற்குப் பிறகு எனக்குச் சாதாரண வலி என்று ஒன்று வாய்க்கவே இல்லை. தலைவலி வந்தால் மூளை, இருமினால் நுரையீரல், ஒரு நாள் சாப்பாடு இறங்காவிட்டால் கல்லீரல்.

"கண்டதை நினைக்காதே"

வீட்டில் சொன்னேனா என்றால் ஒரு தடவை சொன்னேன். வீட்டுக்காரர் பதறிப்போய், "அதான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன் அதையே நினைச்சிக்கிட்டு இருக்கே? கண்டதை நினைக்காதே" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அவர் குரலில் நடுக்கம் இருந்தது. ஆனால் அதோடு என் வாய் மூடிக்கொண்டது. அண்ணியிடம் சொன்னால் "பாசிட்டிவா இரு, மனசுதான் எல்லாம்" என்பார். இந்தச் சொல் மீது எனக்குக் கோபம் உண்டு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனசுதான் எல்லாம் என்றால், நாளைக்கு நோய் திரும்பினால் அது நான் பயந்ததால் வந்தது என்று ஆகிறது. பயந்தால் நோய் வரும் என்று யாராவது நம்ப வைத்துவிட்டால், அப்புறம் பயத்தைப் பார்த்தே பயப்பட வேண்டியதுதான். ஒரு வருஷம் நான் அதில்தான் கிடந்தேன். ராத்திரி பயம் வந்தவுடன், "ஐயோ, பயப்படுகிறேனே, இதனாலேயே வந்துவிடுமே" என்று அதற்கு மேல் இன்னொரு பயம். பயந்ததால் யாருக்கும் புற்று திரும்பியதில்லை என்று டாக்டரம்மா பிற்பாடு அழுத்திச் சொன்னார். அதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ ராத்திரி மிஞ்சியிருக்கும்.

சரி, இதை இப்போது உட்கார்ந்து எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஒரு மத்தியானம் பாலக்கோட்டு அக்காவின் போன் வந்தது. அவரும் நானும் 2018-ல் ஒரே வார்டில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் இந்த வியாதிக்கு ஒன்று பெங்களூர் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், இல்லையென்றால் அடையாறு, வேலூர். எங்கே போனாலும் வராந்தாவில் நம் ஊர்ப் பேச்சு காதில் விழுந்துவிட்டால் பாதித் தெம்பு வந்துவிடும். எனக்கு அந்தத் தெம்பு அக்கா. இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் முடி கொட்டியது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நான் வாந்தி எடுக்கப் பையைப் பிடித்துக்கொண்டு வருவார். தக்காளித் தோட்டத்து வேலைக்கு நடுவில் வாரம் ஒரு தடவையாவது போன் செய்து "சாப்பிட்டியா" என்பார். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. "எனக்கு மறுபடி வந்துடுச்சிம்மா. இடுப்பு எலும்புல" என்றார்.

நான் என்னென்னவோ பேசினேன், தைரியமாக இருங்கள், கடவுள் இருக்கிறார் என்றெல்லாம். எனக்கு எதையெல்லாம் யாரும் சொல்லக்கூடாது என்று நினைத்தேனோ அதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். போனை வைத்துவிட்டு என் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. வேலையாக இருந்தேன் என்று ஒரு குறுஞ்செய்தி போட்டேன். காரிமங்கலத்திலிருந்து பாலக்கோடு எத்தனை தூரம்? பஸ் ஏறினால் போய்விடலாம். எட்டு மாதம் போகவில்லை.

சுயமாகப் போய் எடுத்த ரத்தம்

ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் தர்மபுரி போய் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சி.ஏ. 15-3 எடுத்துக்கொண்டேன், மார்பகப் புற்றின் அடையாளத்தை ரத்தத்தில் அளக்கும் சோதனை அது. டாக்டர் சீட்டு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. காசு கட்டினால் போதும். மறுநாள் ரிப்போர்ட் போனுக்கு வந்தது. அச்சில் இருந்த எல்லை 31, எனக்கு 38, அதுவும் தடித்த எழுத்தில். போஸ்டாபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த 38-ஐ எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. ஒரு தடவை பார்க்கும்போது 31-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று தோன்றும், அடுத்த தடவை பார்க்கும்போது மகளுக்கு எந்த நகையைக் கொடுப்பது என்று மனசு பிரித்துக்கொண்டிருக்கும்.

நாலு ராத்திரி தூங்கவில்லை. வீட்டுக்காரர் வெளியூர் லோடு போயிருந்தார், அம்மா என் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் படுத்திருந்தார், அவரால் தரையில் படுத்து எழுந்திருக்க முடியாது. நாலாம் நாள் மணி மூன்று இருக்கும். நான் சத்தமில்லாமல் எழுந்து உட்கார்ந்தேன் என்றுதான் நினைத்தேன்.

"என்னா பாப்பா, தூங்கலியா?"

"தூங்கறேம்மா."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "எங்க வலிக்குது?" என்றார்.

இதை எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை. ஆறு வருஷத்தில் வீட்டில் ஒருவர்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். இடுப்பில் என்றேன். இடுப்பில் எங்கே, கையை வை என்றார். இருட்டில் துழாவி என் கையைப் பிடித்து, அவரே அந்த இடத்தில் விரலை அழுத்திப் பார்த்தார், களிமாவு வெந்ததா என்று அழுத்திப் பார்ப்பதுபோல. சதையா எலும்பா என்று கேட்டார். எழுந்தவுடன் எப்படி இருக்கிறது என்று கேட்டார். கட்டை மாதிரி பிடித்துக்கொள்கிறது, நடந்தால் விட்டுவிடுகிறது என்றேன். "எனக்கும் அப்படித்தான். கை விரலு?" விரலும்தான். "மழைக்கு முன்னால கூடுதா?" தெரியவில்லை. "சரி, படுத்தா? படுத்தா விட்டுடுதா, இல்ல படுத்தாலும் குடையுதா? எனக்குப் படுத்தா விட்டுடும்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். படுத்தால் வலிக்கவில்லை. அந்த நிமிஷம், அந்த இருட்டில், எனக்கு வலிக்கவே இல்லை. நான் வலியால் எழுந்திருக்கவில்லை. முழிப்பு வருகிறது, முழித்தவுடன் வலியைத் தேடுகிறேன், இடுப்பை அசைத்து அசைத்து, இருக்கிறதா இருக்கிறதா என்று பார்க்கிறேன், அசைத்ததில் லேசாக ஏதாவது தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்கிறேன். நாலு மாதமாக நடந்தது இதுதான். யாராவது கேட்டுப் பதில் சொல்ல வேண்டி வந்திருந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். "விட்டுடுதும்மா" என்றேன்.

"அப்படின்னா அது இல்ல" என்று அம்மா சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "அதுவா இல்லியான்னு எனக்கு என்னா தெரியும்? நீ போயி காட்டு. நான் கேட்டதெல்லாம் அவங்களும் கேப்பாங்க, இப்பவே யோசிச்சி வெச்சிக்க" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, "நீ இடுப்பப் புடிச்சிக்கிட்டு எழுந்திரிக்கிறப்பல்லாம் எனக்கு உயிரு போயி உயிரு வருது" என்றார். இத்தனை நாள் நான் அம்மாவுக்குத் தெரியாமல் பயந்துகொண்டிருந்தேன், அம்மா எனக்குத் தெரியாமல் பயந்துகொண்டிருந்தார். ஒரே அறையில், மூன்றடி தூரத்தில். 38-ஐப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். 38 என்றால் என்ன என்று கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

டாக்டரம்மா கேட்டது

அடுத்த வாரம் பெங்களூர். அம்மா கேட்ட கேள்விகளை ஏறக்குறைய அதே வரிசையில் டாக்டரம்மாவும் கேட்டார். எலும்பில் பரவிய வலி பெரும்பாலும் ஓய்விலும் விடாது, ராத்திரியில் கூடும், வாரத்துக்கு வாரம் ஏறும். காலையில் பிடித்துக்கொண்டு நடந்தால் இளகுவது லெட்ரோசோல் வலியின் குணம் என்றார். பிறகு என் பல்லைப் பார்த்தார். "எந்த ஊரு நீங்க? என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்றார். தர்மபுரி என்றவுடன் தலையை ஆட்டினார். ஆனாலும் பேச்சோடு விடவில்லை, புது வலி, மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, எலும்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். வலது கையில் ஊசி போட்டார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், மூன்று மணி நேரம் கழித்துப் படுக்க வைத்தார்கள். கேமராப் பலகை மூக்குக்கு நாலு விரல் உயரத்துக்கு இறங்கி, மெதுவாகத் தலையிலிருந்து கால் வரை நகர்ந்தது. இடுப்பு வந்த இடத்தில் அது அதிக நேரம் நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை என்று பிறகு சொன்னார்கள், எல்லா இடத்துக்கும் ஒரே வேகம்தானாம்.

பரவல் எதுவும் இல்லை. முட்டிகளில் தேய்மானம், வயசுக்கு உரியது. 38-ஐக் காட்டினேன். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கல்லீரலில் சின்னக் கோளாறு இருந்தால்கூட அது ஏறும், நோய் இருந்தும் சிலருக்கு ஏறாது, அதனால்தான் தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு நாங்கள் அதை எழுதுவதில்லை என்றார். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது 29 இருந்தது. அப்போது நான் மனசில் ரொம்ப நாளாக இருந்ததைக் கேட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழு உடம்பையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன, காசு நான் கட்டுகிறேன், முன்னாலேயே கண்டுபிடித்துவிடலாமே? 1994-லேயே இத்தாலியில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இரண்டு தனித்தனி ஆய்வுகள், ஒன்றில் 1,320 பெண்கள், மற்றதில் 1,243. ஒரு பாதிக்கு அடிக்கடி ஸ்கேனும் எக்ஸ்ரேயும், இன்னொரு பாதிக்கு டாக்டர் கைவைத்துப் பார்ப்பதும், மார்பைப் படமெடுக்கும் மேமோகிராமும் மட்டும். இரண்டு பக்கமும் பிழைத்திருந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. எலும்புக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டால் அதைக் கொஞ்சம் முன்னால் பார்ப்பதாலேயே ஆயுள் கூடிவிடுவதில்லை, மார்பிலேயே திரும்பினால் அல்லது அடுத்த மார்பில் புதிதாக வந்தால் சீக்கிரம் பிடிப்பதில் பெரிய லாபம் உண்டு, அதனால் வருஷத்துக்கு ஒரு மேமோகிராமை மட்டும் விடவே கூடாது. இன்றைக்கும் முறை இதுதான்.

இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. முழுக்க ஏற்றுக்கொண்டேன் என்றும் சொல்ல மாட்டேன். சீக்கிரம் கண்டுபிடி, சீக்கிரம் கண்டுபிடி என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டுவிட்டு, இப்போது தேடாதே என்றால் மனசு கேட்குமா? ஆனால் அந்த 38 எனக்குக் கொடுத்தது என்ன என்று கணக்குப் பார்த்தேன். நாலு ராத்திரி, ஒரு கதிரியக்க ஊசி, மகளின் காலேஜ் பரீட்சை சமயத்தில் வீடு முழுக்க ஒரு இருட்டு. ஆயுளில் ஒரு நாளும் அது கூட்டவில்லை. டாக்டரம்மா ஒரு வரம்பு போட்டுக் கொடுத்தார். புதிதாக வரும் எந்த வலியும் இரண்டு வாரம் தாண்டினால், அல்லது நாளுக்கு நாள் ஏறினால், அல்லது ராத்திரி எழுப்பினால் போன் செய்ய வேண்டும், தயங்கக் கூடாது. கால் மரத்தாலோ, நடை தடுமாறினாலோ இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காமல் உடனே வர வேண்டும். மற்ற வலிகளுக்கு இரண்டு வாரம் பொறுக்கலாம். போஸ்டாபீஸ் காலண்டரில் இப்போது பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறேன், வலி தொடங்கிய தேதிக்கு. பாதிப் புள்ளிகள் எதற்கு வைத்தேன் என்று பத்து நாளில் மறந்துபோகிறது.

இந்தப் பயத்துக்கு வைத்தியத்தில் தனியாக ஒரு பெயரே இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நோய் திரும்பிவிடுமோ, முற்றிவிடுமோ என்ற பயம், கவலை, நினைப்பு என்று வல்லுநர்கள் 2015-ல் கனடாவில் கூடி அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். 2017-ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 222 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, இன்னொரு பகுதிக்குப் பயிற்சி பெற்றவர்களோடு ஐந்து தடவை உட்கார்ந்து பேச்சு. பேசியவர்களுக்குப் பயம் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. அந்தப் பேச்சில் ஒரு பாகம், உடம்பை எவ்வளவு சோதித்துப் பார்த்தால் போதும் என்று முடிவு செய்துகொள்வது. படித்ததும் எனக்கு அழுகை வந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் பெண்கள் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நான் மட்டும் இல்லை. நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் புற்று வைத்தியம் முடித்தவர்களுக்கு இப்படி ஒரு அறையும், ஒரு நாற்காலியும், கேட்பதற்கு ஒரு ஆளும் வேண்டும் என்று எனக்கு ஆசை. கீமோ முடிந்த அன்று கை குலுக்கி அனுப்பிவிடுகிறார்கள், அதற்குப் பிறகுதான் இது தொடங்குகிறது.

பாலக்கோடு

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டுக்கு பஸ் ஏறினேன். சொல்லாமல் போனேன், சொன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று. மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன், கட்டில், குளுக்கோஸ் பாட்டில், சுற்றி உறவுகள், ஊதுவத்தி. அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டூல் மேல் கல், கையில் சின்ன சுத்தியல், ஒரு பக்கம் கூடை நிறையப் பழம், இன்னொரு பக்கம் ஓடும் நாரும். தரையில் உட்கார முடிவதில்லை, அதனால் இந்த ஏற்பாடு. கொட்டை தனியாக ஒரு சருவத்தில் டங் டங்கென்று விழுந்துகொண்டிருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தவர், "ஏன் இத்தனை நாளு வரல?" என்றார்.

பஸ்ஸில் ஏழெட்டுக் காரணம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "பயமா இருந்துச்சிக்கா. உங்களப் பாக்கவே பயமா இருந்துச்சி" என்றேன்.

இரண்டு புளியைத் தட்டினார். "தெரியும். எங்க அண்ணியும்தான் வரல" என்றார். மருமகளைக் கூப்பிட்டு டீ வைக்கச் சொன்னார். மாத்திரையைப் பற்றிச் சொன்னார், மூன்று வாரம் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் லீவு. 2023-க்கு முன்னால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாதாம், காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் போட ஆரம்பித்த பிறகுதான் விலை இறங்கியது. மாதா மாதம் எலும்புக்கு ஒரு ஊசி. வெள்ளை அணு குறைந்தால் மாத்திரையைத் தள்ளிப் போடுவார்கள், குறையாமல் இருக்க அவர் பேரன் தினம் முட்டை வாங்கி வருகிறான், அதற்கும் வெள்ளை அணுவுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. தக்காளி இந்தத் தடவை ஏமாற்றிவிட்டது என்றார். புளியும் அப்படியொன்றும் விலை இல்லை என்றார். நான் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எங்கக்கா வலிக்குது?" என்றேன்.

சுத்தியலை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். புடவைக் கொசுவத்தை லேசாக ஒதுக்கி, இடது இடுப்பில் உள்ளங்கையை வைத்தார். "இங்க. மொதல்ல இங்கருந்து முட்டி வரைக்கும் இழுக்கும், இப்போ தொடையோட நின்னுடுது. உக்காந்திருந்தா பரவாயில்ல. ராத்திரி ஒரு மணிக்கு மேலதான், அந்தப் பக்கமே படுக்க முடியாது..." என்று தொடங்கி, கையை இடுப்பிலிருந்து எடுக்காமல் சொல்லிக்கொண்டே போனார். நான் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சுத்தியலை எடுத்தேன். காலையில் இருந்த பிடிப்பு விரலை விட்டுப் போயிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, கூடையில் பாதிக்கு மேல் புளி மிச்சமிருந்தது.